“ரூபாயிலேயே போட்டுடவா?” – வெளிநாட்டில் கார்டு தேய்க்கும் வணிகர்கள் கவனத்திற்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கடல் கடந்து போய்ப் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும் என்பதை நாம் சற்றுத் தாமதமாகத்தான் கற்றுக் கொண்டோம். அந்தப் பாடத்தை நம் வணிகப் பெருமக்களுடன் பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

நாம் படப்பையில் பல வருடங்களாக மொத்த மளிகை வியாபாரம் செய்து வருகிறோம். சில மாதங்களுக்கு முன், ஆண்டு விற்பனை இலக்கை எட்டிய வியாபாரிகளைச் சமையல் எண்ணெய்க் கம்பெனி ஒன்று நான்கு நாள் சிங்கப்பூர் சுற்றுலா அழைத்துச் சென்றது. நம்மைப் போல முப்பது பேர். முன்பெல்லாம் இலக்கை எட்டினால் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள், பிறகு தங்கக் காசு கொடுத்தார்கள். இப்போது பாங்காக், கோலாலம்பூர், துபாய், சிங்கப்பூர் என்று அழைத்துப் போகிறார்கள். பாஸ்போர்ட் இல்லாத மளிகைக் கடைக்காரர் இன்று குறைந்து வருகிறார். ஆகவே இது பணக்காரர்கள் சமாச்சாரம் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

ரூபாய் என்றதும் தலையாட்டினோம்

மூன்றாம் நாள் மாலை சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடையில் கோடாலித் தைலம், சாக்லேட், பேத்திக்கு ஒரு கைக்கடிகாரம், மருமகளுக்கு ஒரு கைப்பை என்று வாங்கினோம். பில் 200 சிங்கப்பூர் டாலர். கையிலிருந்த டாலர் நோட்டுகள் தீர்ந்து போயிருந்ததால் கார்டை நீட்டினோம். கல்லாவில் இருந்த பெண் நல்ல தமிழ்ப் பெண். கார்டு மெஷினைப் பார்த்துவிட்டு, “அங்கிள், ரூபாயிலேயே போட்டுடவா? உங்களுக்குக் கணக்குப் பார்க்க ஈஸியா இருக்கும்” என்றாள்.

அயல் தேசத்தில் தமிழ் காதில் விழுகிறது, அதோடு ரூபாய் என்ற பேச்சும் விழுகிறது. நாம் உடனே தலையாட்டிவிட்டோம். பின்னால் நின்ற நண்பர்களிடமும், “ரூபாயில் போடச் சொல்லுங்கள், அதுதான் வசதி” என்று யோசனை வேறு சொன்னோம். நாற்பது பைசா வித்தியாசத்துக்காகத் துவரம் பருப்புக்கு நாலு இடத்தில் விலை கேட்கிற நாம், அந்த மெஷின் என்ன விலைக்கு டாலரை விற்றது என்று கேட்கவில்லை.

ஊர் திரும்பி, கணக்கு எழுத உட்கார்ந்து சீட்டை மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் சங்கதி விளங்கியது. சீட்டின் அடியில் பொடி எழுத்தில் மாற்று விலை அச்சாகி இருந்தது. அன்றைய மார்க்கெட் விலையைவிட அது கணிசமாக அதிகம். அதற்கும் கீழே, ‘நாணயத்தை நானே தேர்வு செய்தேன்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஏமாந்தது மட்டுமல்ல, சம்மதித்து ஏமாந்திருக்கிறோம்!

இது என்ன ஏற்பாடு?

இதற்கு ‘டைனமிக் கரன்சி கன்வர்ஷன்’ என்று பெயர். சுருக்கமாக டி.சி.சி. என்பார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது.

சாதாரணமாக வெளிநாட்டில் கார்டு தேய்த்தால், பில் அந்த ஊர் நாணயத்திலேயே போகும். விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்கள் தம் அன்றைய மாற்று விலையில் அதை ரூபாயாக்கும். இது மொத்த மார்க்கெட் விலையை ஒட்டியே இருக்கும். அதன் மேல் நமக்குக் கார்டு கொடுத்த நம் ஊர் வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கும்.

டி.சி.சி. முறையில் நாணய மாற்று வேலை கடையிலேயே முடிந்து விடுகிறது. கடைக்காரரின் வங்கியும், அதற்கென்றே உள்ள கம்பெனிகளும் தாங்கள் வைத்ததே விலை என்று ஒரு விலை போடுகின்றன. மார்க்கெட் விலைக்கும் அந்த விலைக்கும் உள்ள இடைவெளிதான் அவர்கள் லாபம். அதில் கடைக்காரருக்கும் ஒரு பங்கு போகிறது. ‘ரூபாயில் போடவா?’ என்று கேட்பதன் பின்னால் உள்ள காரணம் இதுதான். கேட்கச் சொல்லிக் கொடுக்கப்பட்ட அந்தக் கல்லாப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் வணிகர்களுக்கு இது புதிய வித்தை அல்ல. கும்பினியார் காலத்தில் சென்னை ராஜதானியில் வராகன் ஒரு பக்கம், ரூபாய் ஒரு பக்கம், பணம், காசு என்று பல நாணயங்கள் புழங்கின. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கச் சராபுக் கடைக்குப் போனால் அவர் ‘வட்டம்’ பிடித்துக் கொண்டுதான் தருவார். 1818-ல் ரூபாயே பிரதான நாணயம் என்று ஆகி, வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று நிர்ணயம் செய்யப்பட்டது. அந்தப் பழைய வட்டம்தான் இன்று மெஷினுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. சராபு வட்டம் எவ்வளவு என்பதை வாய் திறந்து சொன்னார். மெஷின் சொல்வதோ பொடி எழுத்தில்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் மனசு ஆறும். எளிதாகப் புரிவதற்காக முழு எண்ணில் சொல்கிறோம். கார்டு நிறுவனத்தின் விலை ஒரு சிங்கப்பூர் டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பில் 200 டாலர், ஆக ரூ.13,000.

முதல் வழி, டாலரிலேயே கட்டுவது. நம் நாட்டு வங்கிகள் பல இதற்கு மூன்றரை சதவீதம் வரை கட்டணம் போடுகின்றன. மூன்றரை சதவீதம் என்றால் ரூ.455. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ.81.90. மொத்தம் ரூ.13,536.90.

இரண்டாவது வழி, ரூபாயில் போடச் சொல்வது. மெஷின் 6 சதவீதம் ஏற்றி டாலருக்கு ரூ.68.90 போடுகிறது என்று வைத்துக் கொள்வோம். பில் ரூ.13,780. கதை இதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். இல்லை! வெளிநாட்டில் ரூபாயில் கட்டினாலும் நம் ஊர் வங்கிகள் சில ஒரு சதவீதம் தனிக் கட்டணம் பிடிக்கின்றன. அது ரூ.137.80, அதற்கு ஜி.எஸ்.டி. ரூ.24.80. மொத்தம் ரூ.13,942.60.

வித்தியாசம் ரூ.405.70. அந்நியச் செலாவணிக் கட்டணமே இல்லாத கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன. அப்படிப்பட்ட கார்டை வைத்திருந்தும் ரூபாய்க்குத் தலையாட்டியவருக்கு நஷ்டம் ரூ.942.60.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மெஷின் ஏற்றுவது 3 சதவீத அளவில் நின்றால், மூன்றரை சதவீதக் கட்டணமுள்ள கார்டுக்கு இரண்டு வழியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். ஆனால் அந்த அளவில் நிற்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு 2017-ல் வெளியிட்ட அறிக்கையில், 2.6 சதவீதம் முதல் 12 சதவீதம் வரை கூடுதலாகப் பிடுங்கப்படுவதாகக் கண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு சதவீதம்! சர்க்கரையிலும் எண்ணெயிலும் ஒரு சதவீதம் இரண்டு சதவீதத்துக்கு மூட்டை தூக்குகிற நமக்கு அதன் கனம் தெரியும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

இதில் புரளும் பணம் சிறிதல்ல என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கே சாட்சி. 2010-ல் விசா நிறுவனம், புதிதாக எந்தக் கடையிலும் டி.சி.சி. வரக்கூடாது என்று சில மாதங்கள் தடுத்து வைத்தது. போட்டியைத் தடுத்த குற்றத்துக்காக 2015-ல் அந்நாட்டுக் கோர்ட் விசாவுக்கு 180 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம் நாணயத்தை மாற்றிக் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று மலைகள் இரண்டு மோதிக் கொண்டன என்றால், நடுவில் அகப்பட்ட நம் பையில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்?

ஐரோப்பிய யூனியன் 2019-ல் ஒரு சட்டம் இயற்றியது. 2020 ஏப்ரல் 19 முதல், இப்படி நாணயம் மாற்றுகிறவர்கள் ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விலையைவிட எத்தனை சதவீதம் அதிகம் வைத்திருக்கிறார்கள் என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே காட்ட வேண்டும். வேண்டுமென்றால் பிடி, ஆனால் சொல்லிவிட்டுப் பிடி என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். எம்.ஆர்.பி. அச்சடித்த பாக்கெட் விற்கிற நமக்கு இது புரியாத தத்துவம் அல்ல.

தென் கொரியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆனால் அதை நாம் பத்திரிகையில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. நம் சொந்தக் கடையிலேயே தெரிந்து கொண்டோம். அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

நம் கல்லாவிலும் அதே கதை

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி அடியெடுத்து வைத்தது. 1998-ல் அங்கிருந்து கார் வெளிவரத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அதன் பிறகு நம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் முகமே மாறிவிட்டது. ஏரிப் பாசனமும் நெல்லும் பார்த்த ஊர்களில் கொரியர்களும் ஜப்பானியர்களும் அரிசி, முட்டை, காய்கறி வாங்க வருகிறார்கள். இதை உத்தேசித்தே நம் மூத்த மகன் ஒரகடம் பக்கம் ஒரு டிபார்ட்மெண்டல் ஸ்டோர் வைத்திருக்கிறார்.

சிங்கப்பூரிலிருந்து வந்த சில வாரங்களில் ஒரு நாள் நாம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தோம். வாடிக்கையாக வரும் கொரியர் ஒருவர் மாதச் சாமான் வாங்கிக் கார்டை நீட்டினார். மெஷின் மறுத்தது. பையன் மறுபடி தேய்த்தான். மறுபடியும் மறுத்தது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கார்டில் பணம் இல்லை போலிருக்கிறது என்று பையன் நம்மைப் பார்த்துச் சைகை செய்தான். அந்த மனிதருக்கு முகம் சிவந்து போயிற்று. மெஷினைத் தம் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு விரலால் சுட்டிக் காட்டி, “ரூபீ, ரூபீ” என்றார். ரூபாயில் போட்டதும் ஒரே தடவையில் ஏற்றுக் கொண்டது.

அதாவது, நம் கடை மெஷின் அவரிடம் வொன் நாணயத்தில் பணம் கேட்டிருக்கிறது. வங்கி கொடுத்த மெஷினில் அந்த வசதி இருந்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் கேட்டுத் தேர்வு செய்ய வேண்டிய இடத்தில், நம் பையன் வேகமாக வேலை முடியட்டும் என்று தானே பச்சைப் பட்டனை அழுத்திப் பழகியிருக்கிறான். கொரியாவிலோ 2018 ஜூலை முதல் ஒரு வசதி உண்டு. ‘வெளிநாட்டில் வொன்னில் வரும் பில்லை ஏற்காதே’ என்று கார்டு வைத்திருப்பவர் தம் கார்டு கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். சொல்லி வைத்தால் அப்படிப்பட்ட பில் தானாகவே திரும்பிவிடும். கெட்டிக்கார மனிதர், சொல்லி வைத்திருக்கிறார். அதனால் தப்பினார். சொல்லி வைக்காதவர்கள் எத்தனை பேர் இத்தனை நாள் நம் கடையில் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனார்களோ!

அன்று இரவு மகனிடம் கேட்டோம். “பேங்க் கொடுத்த மெஷின்தானே அப்பா? விலையை நாம ஏத்தலையே” என்றார். ஸ்டேட்மெண்டை எடுத்து வரச் சொன்னோம். அதில் நம் பங்கு என்று சிறு தொகைகள் வரவாகியிருந்தன. மாதம் முழுவதும் கூட்டினாலும் ஒரு மூட்டை பொன்னி அரிசி விலைக்குக் கூட வரவில்லை. வாடிக்கையாளர் இழந்தது அதைப்போலப் பல மடங்கு. பெரும் பங்கு எங்கேயோ போக, நம் கடைப் பெயர் மட்டும் சீட்டின் தலையில் அச்சாகிறது.

“சிங்கப்பூர்க் கடைக்காரனை ஒரு வாரம் திட்டினேனே, அவனுக்கும் நமக்கும் என்னப்பா வித்தியாசம்?” என்று கேட்டோம். மகன் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, அந்த வசதியை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். நமக்கு நிம்மதி. அந்தக் கொரியர் இன்றும் நம் கடைக்குத்தான் வருகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் மெஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கார்டைத் தருகிறார். அந்தப் பார்வையை நிறுத்த எந்த வங்கிக்கு எழுதிக் கொடுப்பது?

வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

1. மெஷின் ரூபாயா, அந்த ஊர் நாணயமா என்று கேட்டால், அந்த ஊர் நாணயத்தையே சொல்லுங்கள். சிங்கப்பூரில் டாலர், தாய்லாந்தில் பாட், துபாயில் திர்ஹாம்.

2. ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். ‘மாற்று விலையை ஏற்கிறேன்’, ‘மாற்று வேண்டாம்’ என்று இரண்டு பட்டன் இருக்கும். ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாலும் பணம் வரும். பயந்து போய் முதல் பட்டனை அழுத்திவிட வேண்டாம்.

3. கடைக்காரர் கேட்காமலே ரூபாயில் போட்டுவிட்டால், அங்கேயே ரத்து செய்து திரும்பப் போடச் சொல்லுங்கள். தேர்வு செய்யும் உரிமை வாடிக்கையாளருடையது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதி. மறுத்தால் சீட்டைப் பத்திரமாக வைத்து, ஊர் வந்து நம் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

4. புறப்படுமுன் நம் வங்கியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்நியச் செலாவணிக் கட்டணம் எத்தனை சதவீதம்? வெளிநாட்டில் ரூபாயில் கட்டினால் தனிக் கட்டணம் உண்டா? ஊரில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டில் பதிவான நிறுவனத்துக்கு ரூபாயில் ஓட்டல் அறைப் பணம் கட்டினாலும் இந்த இரண்டாவது கட்டணம் சில வங்கிகளில் விழும்.

5. இலங்கையிலும் மொரீஷியசிலும் 2024 பிப்ரவரி 12 முதல் நம் யு.பி.ஐ. ஏற்கப்படுகிறது. வசதிதான். ஆனால் அதிலும் நாணய மாற்று உண்டு. ஒப்புதல் கொடுக்குமுன் எத்தனை ரூபாய் போகிறது என்பதைப் பாருங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டுக் கார்டு வரும் கடைக்காரர்கள் இன்றே தங்கள் மெஷினில் இந்த வசதி இருக்கிறதா என்று வங்கியிடம் கேட்டறியுங்கள். ‘வெளிநாட்டுக் கார்டு தேய்த்தால் உங்களுக்கும் ஒரு பங்கு’ என்று ஏஜெண்டு சொன்னால், அந்தப் பங்கு யார் பையிலிருந்து வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள். மெஷினில் வைத்தே ஆக வேண்டும் என்றால், கல்லாப் பையனுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்: திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பு, பட்டனை அவர் அழுத்தட்டும். பாஷை தெரியாதவருக்கு ரூபாய் பில்லைக் காட்டி, ரூபாயிலேயே போடு.

படிக்கல்லுக்கு முத்திரை போட்டு, தராசின் முள்ளை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்து வியாபாரம் செய்யப் பழகியவர்கள் நாம். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வாங்குகிறவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி வைத்தார்கள் நம் முன்னோர். கார்டு மெஷினும் கடையில் இருக்கிற ஒரு தராசுதான். அதன் முகத்தையும் வாங்குகிறவர் பக்கம் திருப்பி வைப்போம். அயலூரில் நாம் வாங்கப் போகிற இடத்தில், அதன் முகத்தை நம் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்போம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.